பெயர்ச் சீட்டு: இல்லை

கண்ணையனுக்கு முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் கிடையாது. சட்டைப் பையைப் பார்த்துத்தான் பேசுவார். புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு முதன்முதலாக வந்த அன்று, என் கைப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டே, "தமிழ்ல டைப் அடிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். திருட வந்த ஆள் என்று நினைத்து, பையை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பைக்குள்ள உங்க பேரு எழுதின சீட்டு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அது 2007, மாசி மாதம். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு. நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பிணவறையில் எழுத்தர் வேலை. வந்து சேரும் உடம்பின் உயரம், மச்சம், உடுத்தியிருக்கும் துணி, பையில் இருக்கும் பொருள் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். பெயர் தெரிந்தவர்களுக்கு ஒரு நோட்டு. பெயர் தெரியாதவர்களுக்கு இன்னொன்று. இரண்டாவது நோட்டுதான் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவர் சொன்னபோது எனக்கு முதுகு கூசியது.

அவர் மனைவி அன்னக்கிளி, கொல்லைப் பக்கம் வந்து குளித்த பிறகுதான் அவரை வீட்டுக்குள் விடுவாராம். அதனால் வேலை முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்துவிடுவார். நான் என்ன பாவம் செய்தேன்? சரியாக நாலு மணிக்கு பினாயில் வாசனை உள்ளே வரும். பின்னாலேயே அவர் வருவார். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். அது அவருடைய இடமாகிவிட்டது.

அவர் ஊருக்குச் சொல்ல நினைத்தது ஒரே ஒரு விஷயம். ஒரு துண்டுச் சீட்டு. அதில் உங்கள் பெயர். பக்கத்தில், உங்களுக்கு ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய ஒருவரின் போன் நம்பர். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். இதற்காக எதற்கு இந்த ஆள் இப்படி அலைகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேன்.

"பேரு தெரியலன்னா மூணு நாள் வெச்சிருப்பாங்கம்மா. அப்புறம் கொண்டுபோய் பொதைச்சிடுவாங்க," என்றார். "ஒரு தபா ஒன்பதாம் நாள் ஒரு பொம்பள வந்துச்சு. நோட்டைப் பார்த்துட்டு எங்க வூட்டுக்காரருதான்னு சொல்லிச்சு. எந்த மேடுன்னு கேட்டுச்சு. எனக்குக் காட்டத் தெரியல. அங்க பத்து மேடு இருக்குது. பத்துலயும் கற்பூரம் ஏத்திட்டுப் போச்சு."

அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. வலைப்பதிவு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். அவரே தட்டித் தட்டி எழுதிய முதல் பதிவின் தலைப்பு: 'அடையாளம் தெரியாத சடலங்கள்: ஒரு புள்ளிவிவரப் பார்வை, பகுதி ஒன்று'. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, சாலையில் இத்தனை, ரயிலில் இத்தனை என்று கட்டம் போட்டிருந்தார். பகுதி ஐந்து வரைக்கும் எழுதினார். வாசகர் எண்ணிக்கை காட்டும் பெட்டியில் பதினொன்று என்று இருந்தது. அதில் ஒன்பது நான். மனிதர் சோர்ந்துபோவாரே என்று ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்த் திறந்துவிட்டு வருவேன்.

"அண்ணே, இது ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குது. யாரு படிப்பாங்க?" என்றேன்.

"சாவு விஷயம்மா. இதுல இன்னா வேடிக்கை காட்டுறது?"

"வேடிக்கை வேணாம். அந்த நோட்டுல எழுதுறீங்களே, பையில இன்னா இருந்துதுன்னு. அதை அப்படியே எழுதுங்க. நாள், இடம் எதுவும் போடாதீங்க."

நான்தான் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு தப்பிக்கப் பார்த்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அவர் எழுதினார்: 'ஆண், வயது நாற்பது சுமார். கட்டம் போட்ட சட்டை. மேல் பையில்: விபூதிப் பொட்டலம் ஒன்று. பஸ் டிக்கெட் ஒன்று. கடலை மிட்டாய் ஒன்று, காகிதம் பிரிக்காதது. பெயர்ச் சீட்டு: இல்லை.'

மொத்தமே நாலு வரிதான். மறுநாள் நாலு மணிக்குத் திறந்தால் அறுநூறு பேர் படித்திருந்தார்கள். எல்லாத் தமிழ் வலைப்பதிவுகளையும் ஓரிடத்தில் காட்டும் திரட்டியில் அது முதல் வரிசையில் நின்றது. சிங்கப்பூரிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். 'அந்தக் கடலை மிட்டாய் யாருக்கு?' என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அதைப் படித்துக் காட்டியதும் கண்ணையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதுவிட்டேன்.

வாரத்துக்கு ஒன்று எழுதினார். கூட்டம் கூடிக்கொண்டே போனது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ஒரு விளையாட்டைத் தொடங்கி வைத்தான். 'இந்த நிமிஷம் என் பையில் இருப்பவை' என்று பட்டியல் போட்டுவிட்டு, நண்பர்கள் ஐந்து பேரை அடுத்து எழுதக் கூப்பிட வேண்டும். அப்போதெல்லாம் வலைப்பதிவில் இப்படித் தொடர் விளையாட்டு நிறைய நடக்கும். ஒரே வாரத்தில் கண்ணையனின் பதிவுக்குக் கீழே நூற்றுக்கணக்கான பட்டியல்கள் குவிந்துவிட்டன. சீப்பு, பாக்குப் பொட்டலம், காதலியின் ஹேர்பின், மாமியாரின் மாத்திரைச் சீட்டு. எல்லாரும் சிரித்தார்கள், கூட்டமாகக் கேலி பேசிக் கும்மி அடித்தார்கள்.

நான் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உயிரோடு இருப்பவர்களின் பையை நான் படிக்க, பிணவறை எழுத்தர் தலையாட்டிக்கொண்டு கேட்பது, பழகிய எனக்கே சில நேரம் திகிலாக இருக்கும். ஒவ்வொரு பட்டியல் முடிந்ததும் மெதுவாகச் சொல்வார்: "சீட்டு இல்லியே."

அந்தப் பட்டியல்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'கடல்தாண்டி' என்ற புனைபெயரில் பிரான்சிலிருந்து ஒரு அம்மா எழுதியது. 'கைப்பையில்: வீட்டுச் சாவி. தலைவலி மாத்திரை. பப்பாவின் பட்டாளத்துக் கோட்டிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தான், நங்கூரம் பொறித்தது. இதன் ஜோடி புதுச்சேரியில் என் தம்பியிடம் இருக்கிறது. அவன் தூக்கிப் போடாமல் இருந்தால்.' அவருடைய அப்பா சொல்தாவாக இருந்திருப்பார் என்று கண்ணையன் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். "சீட்டு இல்லியே," என்று அதற்கும் சொன்னார்.

விளையாட்டு முற்றியபோது சில விடலைகள் அசிங்கமாக எழுத ஆரம்பித்தார்கள். ஒருவன், 'என் பையில் கண்ணையன்' என்று போட்டான். அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உடனே மட்டுறுத்தல் வைத்தேன். அதாவது, யார் என்ன எழுதினாலும் முதலில் என் பெட்டிக்கு வரும். நான் பார்த்து அனுமதித்தால்தான் பதிவில் தெரியும். "தெனம் திறந்து பார்ப்பியாம்மா?" என்று கேட்டார். "இது ஒரு வேலையா அண்ணே," என்றேன்.

ஆடி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, கடையைப் பூட்டிவிட்டுக் கடலூருக்குப் போனேன். நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. மூன்று நாள் இருந்து கறிச்சோறு தின்றுவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம் திரும்பினேன். நாலு மணிக்கு பினாயில் வாசனை வந்தது. கண்ணையன் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார். களைப்பாக இருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். நாற்பத்திரண்டு பின்னூட்டங்கள் காத்திருந்தன. விடலைகளின் குப்பையைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒரே அமுக்கில் அனுமதித்துவிட்டு, வழக்கம்போல் படிக்க ஆரம்பித்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ ஓர் அனானி எழுதியது. பெயர் இல்லாமல் எழுதுகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"'என் சட்டைப் பையில்: மூக்குக் கண்ணாடி, ஒரு காலுக்கு நூல் சுற்றியது,'" என்று படித்தேன்.

"செவப்பு நூலு," என்றார் கண்ணையன்.

இதை எப்போது படித்தார் என்று நினைத்தபடி மேலே போனேன். "'கிராம்பு மூன்று, பல்வலிக்காக...'"

"ப்ளாஸ்டிக் கவர்ல சுத்துனது. அப்புறம் பித்தளைப் பொத்தான். நங்கூரம் போட்டது. அப்புறம் நாலா மடிச்ச வெத்துச் சீட்டு."

திரையில் அடுத்து இருந்தது அதேதான். பொத்தான். நான்காக மடித்த வெற்றுச் சீட்டு. இப்போதுதான் அனுமதித்த பின்னூட்டம். எனக்கு முன்னால் இதை யாரும் பார்த்திருக்க முடியாது.

"அண்ணே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நேத்து காலையில நாந்தாம்மா எழுதனேன். நோட்டுல. வில்லியனூர் ரோட்டுல சைக்கிள்ல போன ஆளு. இன்னா வண்டி இடிச்சுதுன்னே தெரியல." என் திரையைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "அவன் ஆஸ்பத்திரி ஐஸ் பொட்டிக்குள்ள இருக்கான். இப்ப எப்படிம்மா இதை எழுதனான்?"

கடையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பகுத்தறிவுப் பேச்செல்லாம் நன்றாகப் பேசுவேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷம், இறந்துபோன ஒருவன் எங்கோ உட்கார்ந்து தன் பையைத் துழாவிப் பார்த்து எழுதுகிறான் என்றே நம்பினேன். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிடத் தோன்றியது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, பின்னூட்டத்துக்கு அடியில் இருந்த தேதி. வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம்.

அவன் உயிரோடு இருந்தபோதுதான் எழுதியிருக்கிறான். மூன்று நாள் அது என் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

அதற்கு மேல் நான் படிக்காமல் விட்ட இரண்டு வரி இருந்தது. கண்ணையனே குனிந்து, எழுத்துக் கூட்டுகிறவர்போல் படித்தார். "'சீட்டில் என் பெயரை எழுதிவிடுவேன். பக்கத்தில் யாருடைய நம்பரை எழுதுவது என்றுதான் தெரியவில்லை. யாராவது சொன்னால் எழுதிக்கொள்கிறேன்.'"

எங்கள் பதிவைப் படித்த அத்தனை ஆயிரம் பேரில், சீட்டை மடித்துப் பையில் வைத்த முதல் ஆள் இவன். எங்கள் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறான். கண்ணையன் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "புதன்கிழமை காலைல எடுத்துடுவாங்கம்மா," என்றார். "பேரு இல்லாம போயிடுவான்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பதிவுக்குக் கீழே 'நங்கூரம்' என்று தேடினேன். இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று அவன். இன்னொன்று கடல்தாண்டி. ஜோடிப் பொத்தான் தம்பியிடம் இருக்கிறது என்று எழுதிய அதே அம்மா. அவன் அக்காவின் பட்டியலைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகுதான், தன் பெயரைச் சொல்லாமல், தன் பொத்தானை மட்டும் காட்டிவிட்டு, யாருடைய நம்பரை எழுதட்டும் என்று கேட்டிருக்கிறான்.

கடல்தாண்டிக்கு ஈமெயில் முகவரி கிடையாது. எந்த ஊர் என்றும் தெரியாது. போலீஸ்காரரிடம் கண்ணையன் போய்ச் சொன்னதற்கு, "பொத்தானை வெச்சிக்கினு பிரான்சுல தேடச் சொல்றியா?" என்று சிரித்தாராம். கூட ஒருநாள் வைத்திருக்கவும் முடியாது என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் கண்ணையன் ஒரு பதிவு எழுதினார். தலைப்பு, 'கடல்தாண்டி அவர்களுக்கு'. உள்ளே மூன்று வரி. 'உங்கள் பொத்தானின் ஜோடி எங்களிடம் வந்திருக்கிறது. புதன் காலைக்குள் கூப்பிடுங்கள். இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவு செய்து சொல்லுங்கள்.' கீழே என் கடை போன் நம்பர்.

இனிமேல் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கும்மி அடித்துக்கொண்டிருந்த அதே கூட்டம்தான். அசிங்கமாக எழுதிய விடலைகளும் அதில் உண்டு. ஆளாளுக்குத் தங்கள் பதிவுகளில் அந்த மூன்று வரியை எடுத்துப் போட்டார்கள். திரட்டிக்காரர்கள் அதை உச்சியில் நிறுத்தி, வேறு எதையும் மேலே ஏற விடவில்லை. பாரிசில் கடை வைத்திருக்கும் ஒருவர் அதை அச்செடுத்து வாசலில் ஒட்டினார். ரெயூனியன் தீவிலிருந்து ஒருவர், எனக்குத் தெரிந்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கெல்லாம் போன் செய்கிறேன் என்று எழுதினார். நான் வீட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு அது அடித்தது.

ஒலிபெருக்கியில் போட்டேன். பக்கத்தில் கண்ணையன் நின்றார்.

"அலோ... பிரான்சு, துலோன்லேர்ந்து பேசறேன். நான் ஜிஸ்லேன்." குரல் மெல்லியதாக, மூச்சு வாங்குவதாக இருந்தது. ஐயா என்பதை பிரெஞ்சில் முசே என்றார். "அந்தப் பொத்தான்ல ஒரு ஓரம் நசுங்கி இருக்கா, முசே?"

கண்ணையன் நோட்டைப் பார்க்கவில்லை. "இருக்குதும்மா."

"நாந்தான் கடிச்சேன். சின்னப் புள்ளையில. அவன் தர மாட்டேன்னான், அதான் புடிச்சி கடிச்சேன்." அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "அவன் பேரு அத்ரியான். ஒம்பது வருஷமா பேசல முசே. பப்பா வூட்டை விக்கிற விஷயத்துல வந்த சண்டை. அவன் எங்க இருக்கான்?"

கண்ணையன் சொன்னார். இந்த ஒரு வேலையை மட்டும் அவரைப்போல் யாராலும் செய்ய முடியாது. மிச்சம் மீதி வைக்காமல், மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மா அழும் வரைக்கும் காத்திருந்து, அழுது முடியும் வரைக்கும் போனை வைக்காமல் நின்றார்.

கடைசியில் ஜிஸ்லேன் என்னிடம் ஒன்று கேட்டார். "மதாம், நான் தெனமும் ராத்திரி வேலை முடிஞ்சி உங்க பதிவைத் திறந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமை பார்த்தேன். சனிக்கிழமை பார்த்தேன். இதை அவன் வெள்ளிக்கிழமையே எழுதியிருக்கான். ஏன் எனக்குத் தெரியல?"

காதுகுத்துக்குப் போயிருந்தேன் என்றா சொல்வது? "என் தப்புதாம்மா," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பெயர் கிடைத்துவிட்டதால் உடம்பை வைத்திருக்கச் சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை ஜிஸ்லேன் வந்து சேர்ந்தார். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த, ஒல்லியான அம்மா. பிணவறைக்கு நானும் போனேன். போகாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அங்கே அத்ரியானுக்குப் புதுச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தட்டில் அவனுடைய பொருள்கள். நூல் சுற்றிய கண்ணாடி, கிராம்பு, பொத்தான், சீட்டு. ஜிஸ்லேன் தன் கைப்பையிலிருந்து இன்னொரு பொத்தானை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு அந்தச் சீட்டை எடுத்து விரித்தார். நாலு மடிப்பும் அழுந்திப்போயிருந்த வெள்ளைக் காகிதம்.

"எழுத ஏதாவது குடுங்க முசே," என்றார்.

கண்ணையன் தன் பேனாவைக் கொடுத்தார். அந்த அம்மா மேசையில் வைத்து, ஒவ்வோர் எண்ணாக, தன் நம்பரை எழுதினார். மேலே அத்ரியான் என்று எழுதினார். காய்வதற்காக ஊதினார். பிறகு பழைய மடிப்பிலேயே நான்காக மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் வைத்தார். கண்ணையன் குனிந்து, சட்டைப் பொத்தானை மாட்டி அந்தப் பையை மூடிவிட்டார்.

அவர் தன் நோட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். 'பெயர்ச் சீட்டு: இல்லை' என்று இருந்ததில் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, 'இருக்கிறது' என்று எழுதினார்.

திரும்பி வந்ததும் நான் முதலில் செய்த வேலை, மட்டுறுத்தலை எடுத்துவிட்டது. விடலைகள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். பதிவுக்குக் கீழே புதிதாகப் பட்டியல்கள் வர ஆரம்பித்திருந்தன. அவற்றின் கடைசி வரியில் எல்லாரும், 'பெயர்ச் சீட்டு: இருக்கிறது' என்று போட்டிருந்தார்கள். நான் படித்தேன். கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஓர் அனானி, 'எனக்கும் எழுத நம்பர் இல்லை' என்று எழுதியிருந்தான்.

அவர் கண்ணைத் திறந்து என் கைப்பையைப் பார்த்தார்.

"நம்ம கடை நம்பரைக் குடும்மா," என்றார். "இப்பவே குடு."